திருகாணி எதைப் பிடிக்கிறது?

அன்புள்ள கயல்,

எலும்பு மெலிந்திருந்தால் முறிவை இணைக்கும் திருகாணியை இன்னும் கடினமான உலோகத்தில் செய்யலாமே என்று கேட்டிருந்தாய். பயனில்லை. திருகாணியைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனையில் டைட்டானியம் தோற்பதில்லை. மரைகளுக்கு நடுவே சிக்கிய எலும்புதான் உருளையாகப் பிய்ந்து கூடவே வரும். அதனால் மரையின் வெளிவிட்டத்தையும், அது எலும்புக்குள் ஊன்றியிருக்கும் நீளத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக எலும்பின் அடர்த்தியையும் பார்.

எலும்புக்கு வெளியே கெட்டி ஓடு, உள்ளே பீர்க்கங்கூடு மாதிரி ஒரு வலை. தொடையெலும்பின் நடுப்பகுதியில் ஓடு தடிமன். நெருக்கமான மரையுள்ள 4.5 மி.மீ. திருகாணி அங்கே உறுதியாக நிற்கும். மூட்டை ஒட்டி வலைதான் அதிகம் என்பதால் 6.5 மி.மீ., அகல மரை. ஆஸ்டியோபோரோசிஸ் வந்தால் ஓடும் மெலியும், வலையின் இழைகளும் அறுந்துபோகும். வலையெலும்பின் வலிமை ஏறத்தாழ அடர்த்தியின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. அடர்த்தி பாதியானால் வலிமை கால்வாசிதான்.

இங்கேதான் கை ஏமாற்றும். முறிந்த எலும்பின் மேல் வைத்துத் திருகும் தகடுதான் பிளேட். அதன் பழைய வகையில் திருகாணியை இறுக்கினால்தான் பிளேட் எலும்போடு அழுந்தி, உராய்வில் நிற்கும். மெலிந்த எலும்பில் 'இன்னும் கொஞ்சம்' என்று திருப்பினால் மரை அறுந்து திருகாணி சும்மா சுழலும். லாக்கிங் பிளேட்டில் திருகாணியின் தலையிலும் மரை உண்டு. அது பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும். எலும்பை அழுத்த வேண்டியதில்லை, ஒன்று மட்டும் தனியாகக் கழல்வதும் அரிது. திடமான எலும்பில் சாதாரண முறிவுக்கும் இதையே போடுவது பெரும்பாலும் வீண்செலவு என்பேன். முதுகெலும்பில் சிமென்ட் செலுத்தியும் பிடிப்பைக் கூட்டுகிறார்கள். அது ரத்தக்குழாய்க்குள் கசிந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் உண்டு.

எந்த இடத்தில் போடுகிறோம் என்பதும் பெரிய விஷயம். இடுப்பு முறிவில் தொடையெலும்பின் தலைக்குள் போகும் பெரிய திருகாணியின் முனைக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை முன்பக்க, பக்கவாட்டு எக்ஸ்ரேக்களில் அளந்து கூட்டு. 25 மி.மீ.க்குள் இருந்தால் திருகாணி தலையைக் கிழித்துக்கொண்டு வெளிவருவது அரிது என்று 1995-ல் பாம்கார்ட்னர் குழு காட்டியது.

உன் ப்ராஜெக்ட்டுக்கு, எலும்புக்குப் பதிலாக, பாலியூரித்தேன் நுரைக்கட்டைகளை இரண்டு அடர்த்திகளில் வாங்கு. நேராகப் பிடுங்குவதோடு நிறுத்தாதே. நடக்கிற உடம்பில் திருகாணியை யாரும் நேராக இழுப்பதில்லை. ஒவ்வோர் அடியிலும் அது பக்கவாட்டில் ஆடி, தன் துளையைத் தானே பெரிதாக்குகிறது. ஆயிரக்கணக்கான முறை ஆட்டிவிட்டு, பிறகு பிடுங்கிப் பார்.

அன்புடன்,
மாமா