அந்த முகமூடிக்குப் பெயர் இல்லை

தீபாவளிக்கு முந்தைய வாரம் பேத்தியோடு சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். அகல் விளக்கும் தோரணமும் விற்கிற ஒரு கடையின் ஓரத்தில் ஹாலோவீன் முகமூடிகள் தொங்கின. ஒன்று பச்சை முகம், தட்டையான மண்டை, கழுத்தின் இருபுறமும் போல்ட்டு. “தாத்தா, ஃபிராங்கன்ஸ்டைன்!” என்றாள். கடைக்காரரும், “ஆமாம்மா, அவனேதான்” என்றார்.

அவனில்லை. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்த உருவத்தைப் படைத்தவனின் பெயர். 1818 ஜனவரி முதல் நாள் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்த மேரி ஷெல்லியின் நாவலில் அவன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன். சினிமாவில் வருவதுபோல் டாக்டர்கூட இல்லை, இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழக மாணவன். பிணவறையிலும் கசாப்புக் கூடத்திலும் பொறுக்கிச் சேர்த்தவற்றைக் கொண்டு எட்டடி உயர உடலைச் செய்கிறான். அது கண் திறந்ததும் அருவருத்து அறையை விட்டு ஓடுகிறான். பெயர் வைக்கவில்லை. 1823-இல் லண்டனில் இந்தக் கதை நாடகமானபோது, விளம்பரத் தாளில் அந்தப் பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். நாடகம் பார்த்த மேரி ஷெல்லிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

“அது பேசத் தெரியாமல் உறுமும்” என்ற நம்பிக்கையும் அந்த மேடையில் பிறந்ததுதான். நாவலில் அது ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்திருந்து, சுவரிடுக்கு வழியே அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மொழி கற்கிறது. மில்டனையும் புளூட்டார்க்கையும் கதேயையும் படிக்கிறது. பிறகு தன்னைப் படைத்தவன் முன் நின்று, என்னை ஏன் கைவிட்டாய் என்று வழக்காடுகிறது. எனக்கு நாவலின் உயிரே அந்த வழக்குதான். 2025-இல் வந்த கில்லர்மோ டெல் டோரோவின் படத்தில் ஜேக்கப் எலோர்டி நடித்த உருவம் பேசுவதைப் பார்த்துச் சிலர் புதுமை என்றார்கள். அது மூலத்துக்குத் திரும்பியது.

மின்னலை இறக்கி உயிரூட்டும் காட்சி நாவலில் கிடையாது. ஒரு பொறி என்பதோடு மேரி ஷெல்லி நிறுத்திக்கொள்கிறார். சுழலும் சக்கரங்களும் தீப்பொறி கக்கும் கருவிகளும் ஜேம்ஸ் வேல் இயக்கிய 1931-ஆம் ஆண்டுப் படத்தின் கைவேலை. தட்டை மண்டையும் கழுத்துக் கம்பிகளும் அந்தப் படத்தின் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் செய்தவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பிணம்போல் வெளிறித் தெரிவதற்காகப் பச்சை கலந்த சாயத்தைப் பூசினார். திரையில் யாரும் பார்த்திராத அந்தப் பச்சைதான் இன்று கடையில் தொங்குகிறது.

இனி, நம்மூர்க்காரர்கள் பலர் மனதார நம்புவது: “இது எங்கோ குளிர்நாட்டில் முளைத்த கதை, நமக்கும் அதற்கும் என்ன?” அந்தக் குளிரே நம் பக்கத்திலிருந்து போனதுதான். சிங்கப்பூரிலிருந்து சுமார் 1,900 கிலோமீட்டர் தொலைவில், சும்பாவா தீவில் இருக்கிறது தம்போரா எரிமலை. 1815 ஏப்ரலில் அது வெடித்தது. ஜாவாவில் அந்த ஓசையைப் பீரங்கிச் சத்தமென்று எண்ணி யோக்யகர்த்தாவிலிருந்து படை கிளம்பியது. அப்போது ஜாவாவை ஆண்ட பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ், ஆம், 1819-இல் நம் ஆற்றங்கரைக்கு வந்த அதே ராஃபிள்ஸ்தான், அந்த வெடிப்பின் செய்திகளைத் திரட்டிப் பதிவு செய்தார். பல்லாயிரம் பேர் மாண்டார்கள். வானில் மிக உயரே போன கந்தக வாயு நுண்துளிகளாகி உலகைச் சுற்றிப் படர்ந்து வெயிலைத் தடுத்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் மழை விடாமல் கொட்டியது. பைரன், பெர்சி ஷெல்லி, 18 வயது மேரி ஆகியோர் வீட்டுக்குள் முடங்கிப் பேய்க்கதை படித்தார்கள். ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்று பைரன் சொன்னார். மேரி தொடங்கியது இந்தக் கதை.

“1931 படத்தில் அந்த உருவமாக நடித்தவர் அசல் வெள்ளைக்காரர்” என்பதும் சரியல்ல. அப்படி நடித்த போரிஸ் கார்லாஃபின் இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887-இல் லண்டனில் பிறந்தவர். தந்தை இந்தியாவில் உப்பு வரித்துறை அதிகாரி. இந்திய ரத்தம் கலந்த குடும்பம். அவருடைய பாட்டியின் தங்கை அன்னா லியோனோவென்ஸ், சயாம் மன்னரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அதே ஆசிரியை. 1859-இல் கணவர் பினாங்கில் இறந்தபின் அன்னா சிங்கப்பூருக்கு வந்து அதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1862-இல் பாங்காக் போனார். வேல்ஸில் பிறந்தவள் என்றே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டார். பிறந்தது மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில். பிறப்பை மறைத்தால்தான் மதிப்பு என்றிருந்த காலத்தில் அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. தோற்றத்தைப் பார்த்தே ஊர் விரட்டியடித்த ஓர் உயிராக நடித்தவர் அந்தக் குடும்பத்தில் வந்தவர் என்று அறிந்தபின், அந்தப் படத்தை முன்போல் என்னால் பார்க்க முடிவதில்லை.

பேத்தி வீட்டுக்கு வந்தும் விடவில்லை. “அப்ப அதோட பேர் என்ன தாத்தா?” பெயர் பெற்ற ஒரு படைப்பைக் காட்ட, அவளுக்கு ‘எந்திரன்’ படக் கதையைச் சொன்னேன். அங்கே விஞ்ஞானி வசீகரன் செய்த இயந்திரத்துக்கு அவன் அம்மா சிட்டி என்று பெயர் வைக்கிறாள். அதுவும் அவன் அதை வெட்டிக் குப்பையில் எறிந்த பிறகுதான் கொடியதாகத் திரும்பி வருகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பச்சை முகமூடியைக் காட்டிக் கேட்பார்கள். அதற்குப் பெயரில்லை, வைக்க வேண்டியவன் ஓடிப்போய்விட்டான் என்று சொல்லுங்கள்.