மீண்டும் மாணவராக

பட்டம் பெற்றாயிற்று, வேலையும் கிடைத்துவிட்டது. இனி எதற்குப் படிப்பு என்று பலர் எண்ணுவர். ஆனால், வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் தாம் இன்னும் கற்க வேண்டியது எது என்பது சிலருக்குத் தெளிவாகத் தெரிகிறது. அத்தகையவர்களுள் ஒருவர் லியூ தாய் கெர்.

லியூ 1938ஆம் ஆண்டு ஜோகூர் மாநிலத்திலுள்ள மூவாரில் பிறந்து, சிங்கப்பூரில் வளர்ந்தார். அவருடைய தந்தை லியூ காங் புகழ்பெற்ற ஓவியர். சிட்னிக்குச் சென்ற லியூ, வேலை பார்த்துக்கொண்டே நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று, 1962இல் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் சிங்கப்பூரில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. கடைவீடுகளின் சிறிய அறைகளில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. இந்நிலையை மாற்ற, 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. முதல் ஐந்தாண்டுகளில் அது 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. ஆனால், வீடு மட்டும் போதுமா? பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குச் செல்வார்கள்? காய்கறி எங்கே வாங்குவது? வேலைக்கு எப்படிப் போவது? ஒரு கட்டடத்தை வடிவமைக்கத் தெரிந்தவரிடம் இக்கேள்விகளுக்கு விடை இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆசிய நகரங்களுக்கு நல்ல நகரத் திட்டமிடல் மிகவும் தேவை என்பதை லியூ உணர்ந்தார். எனவே, மீண்டும் மாணவரானார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் பயின்று, 1965இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பிறகு, நியூயார்க்கில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய்யின் நிறுவனத்தில் பணியாற்றினார். அங்கேயே தங்கியிருந்தால் அவருக்குப் பேரும் வசதியும் கிடைத்திருக்கும். ஆனால், 1969இல் சிங்கப்பூர் திரும்பி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார்.

பட்டம் பெற்றதோடு அவர் கற்பதை நிறுத்திவிடவில்லை. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறிந்து பழக, ஓரிடத்தில் எத்தனை குடும்பங்கள் இருப்பது பொருத்தம் என்று சமூகவியலாளர்களிடம் கேட்டறிந்தார். சில புளோக்குகள் சேர்ந்து, விளையாட்டுத் திடலையும் திறந்தவெளியையும் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்பு வளாகமாயின. பல வளாகங்கள் சேர்ந்து, சந்தையும் கடைகளும் பள்ளிகளும் கொண்ட வட்டாரமாயின. பல வட்டாரங்கள் சேர்ந்து ஒரு நகராயின.

1979 முதல் 1989 வரை லியூ அக்கழகத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தார். அவர் அங்குப் பணியாற்றிய 20 ஆண்டுகளில் 20க்கும் மேற்பட்ட புதுநகர்கள் உருவாயின. பின்னர், நகர மறுசீரமைப்பு ஆணையத்தில் தலைமைத் திட்டமிடுநராகப் பொறுப்பேற்றார். 1991ஆம் ஆண்டின் நீண்டகால நிலப் பயன்பாட்டுத் திட்டம் அவர் தலைமையில் உருவானது. மக்கள் வேலைக்காக நகர மையத்துக்கே செல்ல வேண்டியிராமல், தெம்பனிஸ் போன்ற இடங்களில் வட்டார மையங்களை அமைக்க அத்திட்டம் வழிவகுத்தது. லியூ 2025ஆம் ஆண்டு தமது 86ஆம் வயதில் காலமானார்.

வேலைக்குப் போனபின் மீண்டும் படிப்பது எளிதன்று. வருமானம் குறையும், குடும்பத்தைப் பிரிய நேரிடலாம். ஆயினும், பொதுப்பணியில் அனுபவம் பெற்றவர்கள் இன்றும் அவ்வழியை நாடுகின்றனர். அவர்களுக்குப் பயிற்சி தரும் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி 2004இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. பெயருக்குப் பின்னால் இன்னொரு பட்டத்தைச் சேர்ப்பதற்காகப் படிப்பவரும் உண்டு. தம் ஊரின் தேவை ஒன்றுக்கு விடை தேடிப் படிப்பவரும் உண்டு. இரண்டாமவரின் படிப்பால் ஊரே பயன்பெறுகிறது.

இன்று பள்ளி முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் வட்டாரத்தைச் சற்றுக் கவனியுங்கள். நிழல் தரும் நடைபாதை, பேருந்து நிறுத்தம், முதியோர் அமரும் இருக்கை என ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சிந்தித்து அமைத்தது. அங்கே இன்னும் குறையாக இருப்பது எது? அதைச் சரிசெய்ய என்ன கற்க வேண்டும்? உங்கள் மேற்படிப்பை இக்கேள்விகளிலிருந்தும் தொடங்கலாம்.