போனட் உரிவதற்கு மலையா பொறுப்பு?

கேள்வி: நான் கேமரன் மலையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஈப்போவில் ஒரு கடையில் என் மைவி காடிக்கு கார்பன் ஃபைபர் போனட் வாங்கிப் போட்டேன். விலை 2,400 ரிங்கிட். ‘ஃபுல் கார்பன், வெயில் தாங்கும் கிளியர் கோட்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். 14 மாதம்தான் ஆகிறது. முதலில் மஞ்சள் தட்டியது, பிறகு பால் கொட்டியதுபோல் வெளுத்தது, இப்போது ஓரத்திலிருந்து தோல் உரிகிறது. கடைக்காரரோ, “வாரண்டி ஆறு மாதம்தான். உங்கள் மலைப் பனிக்கும் வெயிலுக்கும் நான் என்ன செய்ய முடியும்?” என்கிறார். பிரிஞ்சாங்கில் 150 ரிங்கிட் கொடுத்து பாலிஷ் போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமானது. லயத்தில் கூரை கிடையாது, காடி வெளியில்தான் நிற்கும். லாயர் செலவு போனட் விலையை மிஞ்சிவிடும் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகர், கேமரன் மலை

பதில்: நண்பர்கள் சொல்வது பாதி சரி. வழக்கமான நீதிமன்றத்துக்குப் போனால் லாயர்களான எங்கள் கட்டணம் உங்கள் போனட்டை விழுங்கிவிடும். ஆனால் நீங்கள் போக வேண்டிய இடத்தில் லாயரை உள்ளேயே விடமாட்டார்கள். அந்த இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒன்று: இனிமேல் அந்தப் போனட்டின் மேல் யாரும் பாலிஷும் போட வேண்டாம், உப்புத்தாளும் தேய்க்க வேண்டாம். உரிந்து தொங்கும் அந்தத் தோல்தான் உங்கள் சாட்சி.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவை உங்களுக்காகவே எழுதினார்களோ என்று தோன்றும். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. தோற்றமும் மேற்பூச்சும் ஏற்கும்படி இருக்க வேண்டும், பொருள் நீடித்து உழைக்க வேண்டும் என்று தனித்தனியாகவே சொல்கிறது. “பெயிண்ட்தானே உரிகிறது, போனட் நன்றாகத்தானே மூடுகிறது” என்று கடைக்காரர் சொன்னால் அது எடுபடாது. தகரப் போனட் இருக்கும்போது 2,400 ரிங்கிட் கொடுத்து ஒருவர் கார்பன் வாங்குவதே பாதி அந்த மினுமினுப்புக்காகத்தான். கொடுத்த விலையும் விற்றவர் சொன்ன சொல்லும் தரத்தை எடைபோடும்போது கணக்கில் வரும்.

மலை மேல் பழி போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் விசாரணையில் அவர் பிடித்துத் தொங்கப் போவது இதைத்தான். அவர் சொல்வதில் அறிவியல் இருக்கிறது. உங்கள் மலையின் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடும். குளிராக இருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. விடியற்காலைப் பனி போனட்டில் தேங்குகிறது, காடியை எடுத்ததும் அடியிலிருந்து என்ஜின் சூடு ஏறுகிறது, மத்தியானம் மழை. தினமும் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிறது. கார்பன் இழை இதற்கெல்லாம் அசையாது. அதைப் பிணைக்கும் எபாக்ஸிப் பிசின்தான் வெயிலில் மஞ்சளாகும். அதைக் காப்பதற்காகவே மேலே கிளியர் கோட் அடிக்கிறார்கள். அந்தப் பூச்சு மெலிந்தோ மட்டமாகவோ இருந்தால் நீங்கள் எழுதிய அதே வரிசையில்தான் போகும்: மஞ்சள், வெளுப்பு, உரிசல்.

ஆகவே மலை வேகப்படுத்தியிருக்கலாம். ஆனால் போனட் என்பது வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கென்றே செய்த பொருள். முறையற்றுப் பயன்படுத்தினால் விற்றவருக்குப் பொறுப்பில்லை என்று சட்டம் சொல்வது உண்மை. லயத்து வாசலில் காடியை நிறுத்துவது முறையற்ற பயன்பாடா? போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். அன்றைக்கும் இந்த மலையில் பனி இருந்தது. சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் வந்துவிடுகிற ஊரின் பருவநிலை ஈப்போ வியாபாரிக்குத் தெரியாத செய்தி இல்லை. வாங்கும்போதே “நான் கேமரன் மலையில் இருக்கிறேன்” என்று சொன்னீர்களா? சொன்னது வாட்ஸ்அப்பில் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். குறிப்பிட்ட தேவைக்குப் பொருந்த வேண்டும் என்ற 33ஆம் பிரிவும் அப்போது உங்கள் பக்கம் வரும்.

ஆறு மாத வாரண்டி அவர் தானாகக் கொடுத்தது. சட்டம் தரும் உத்தரவாதம் வேறு. அதை ரசீதில் அச்சடித்த ஒரு வரியால் ரத்து செய்ய முடியாதென்று 6ஆம் பிரிவு சொல்கிறது. ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது’ என்ற பலகைக்கும் இதே கதிதான்.

உங்கள் வழக்கில் பலவீனமான இடம் அந்தப் பாலிஷ். “பட்டறைக்காரன் கெடுத்ததற்கு நான் ஏன் தர வேண்டும்?” என்று கடைக்காரர் கேட்பார், நியாயமான கேள்வி. பாலிஷுக்கு முன்பே வெளுத்திருந்ததைக் காட்டும் படம் கைப்பேசியில் இருந்தால் தப்பித்தீர்கள். எப்படி இருந்தாலும் பாலிஷ் போட்டதை மறைக்க வேண்டாம். பட்டறையும் வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்யக் கடமைப்பட்டது. ஆனால் 150 ரிங்கிட்டுக்காகப் பட்டறைக்காரரையும் இழுத்தால் இருவரும் ஒருவரையொருவர் கை காட்டிக்கொண்டு நிற்பார்கள். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

இன்னொரு வேலை செய்யுங்கள். போனட்டைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே ஒரே ஓர் அடுக்கு கார்பன் துணி, கீழே முழுக்க ஃபைபர் கிளாஸ் என்று சந்தையில் நிறையவே ஓடுகிறது. அப்படி விற்பது குற்றமில்லை, அதை ‘ஃபுல் கார்பன்’ என்று சொல்லி விற்றால்தான் தகராறு. சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 34ஆம் பிரிவு. பொய் விவரத்துக்கு 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டமும் இருக்கிறது. பார்க்கும்போதே கீல், பூட்டு இருக்கும் இடங்களில் விரிசலோ உப்பலோ தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். தாப்பா சாலை வளைவில் போனட் எழும்பிக் கண்ணாடியை மறைத்தால் வழக்கு நடத்த நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

பிறகு கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள். போனில் கத்த வேண்டாம். வாங்கிய தேதி, விலை, குறை, படங்கள், ‘14 நாளில் சரிசெய்து கொடுங்கள், இல்லையேல் மாற்றிக் கொடுங்கள்’ என்ற கோரிக்கை, இவ்வளவு போதும். சரிசெய்யக்கூடிய குறையென்றால் முதல் வாய்ப்பு விற்றவருக்கே என்கிறது சட்டம். அவர் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வெளியில் சரிசெய்து அந்தச் செலவைக் கேட்கலாம், அல்லது பொருளையே நிராகரித்துப் பணத்தைக் கேட்கலாம். நிராகரிக்கும் உரிமை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் போய்விடும். நீங்கள் ஏற்கெனவே கொஞ்சம் தாமதித்திருக்கிறீர்கள். அதனால் இரண்டு ஸ்ப்ரே பட்டறைகளில், பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாக கிளியர் கோட் அடிக்க எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். முழுப் பணம் கிடைக்காவிட்டாலும் அந்தத் தொகையைக் கேட்கலாம்.

பதில் வராவிட்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழுள்ள பயனீட்டாளர் தீர்ப்பாயம்; முதலில் சொன்ன இடம் இதுதான். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். கட்டணம் ஐந்தே ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். முதலாம் பாரத்தை இணையத்திலும் நிரப்பலாம். கேமரன் மலை பஹாங்கைச் சேர்ந்தது என்றதும் குவாந்தான் வரை போக வேண்டுமோ என்று மலைத்துவிடாதீர்கள், விசாரணையை ஈப்போவில் வைக்க முடியுமா என்று பதியும்போதே கேளுங்கள். தீர்ப்பு வந்து 14 நாளில் அவர் கட்டாவிட்டால் அது குற்றம். பாரம் எழுதத் தடுமாறினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று: போனட்டை மாற்றியதால் காடியின் நிறமும் பதிவும் பற்றிச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கார்பன் போனட் போட்டதைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால் இந்த வாரமே சொல்லுங்கள்.

பழைய தகரப் போனட்டை இரும்புக் கடைக்குப் போட்டுவிடவில்லையே? இருந்தால் விசாரணை நாளில் அதை மாட்டிக்கொண்டு மலை இறங்குங்கள். கார்பன் போனட்டைக் கழற்றித் துணியில் சுற்றிப் பின்சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்தையும்விட அதை மேசைமேல் வைத்துக் காட்டுவதுதான் பேசும்.