சன்ரூஃபை மூடிப் பார்த்து வாங்குங்கள்

கார் விற்பவர் சன்ரூஃபைத் திறந்துதான் காட்டுவார். கண்ணாடி பின்னால் நகரும், வானம் தெரியும், பின்னால் இருக்கும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். விரல் நசுங்குவது மூடும்போதுதான். ஆகவே வாங்குகிறவர் பார்க்கவேண்டியது ஒன்று: கண்ணாடி மூடும் நேரத்தில் அதை நிறுத்துவது யார், அல்லது எது?

திருகோணமலையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் கைமாறும் கார்களில் பல, வருடக்கணக்காகக் கடற்காற்றில் நின்றவை.

நான்கு வகை

அசையாத கண்ணாடிக் கூரை: கண்ணாடி நகராது, அதனால் அதில் விரல் நசுங்க வழியில்லை. உள்ளே வெயில் மறைக்கும் திரை மோட்டரில் ஓடினால், அதை மட்டும் சோதியுங்கள். எங்கள் வெயிலுக்கு அந்தத் திரை தடிப்பாக இருக்கவேண்டும்.

கையால் தூக்கி மூடும் கண்ணாடி: பழைய கார்களில் இருக்கும். மூடுவது உங்கள் கைப்பலம்தான். ஏதாவது சிக்கினால் கைக்கே தெரியும். ரப்பர் வெடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பட்டனை அமர்த்திப் பிடித்தால் மட்டும் மூடுவது: விரலை எடுத்தவுடன் கண்ணாடி நின்றுவிடும். சாவி போட்ட நிலையில் மட்டும் மூடும் கூரைக்கு, தடை பட்டால் தானே திரும்பும் வசதியை அமெரிக்க விதி கட்டாயமாக்கவில்லை. ஆகவே இந்த வகையில் சாரதியின் கண்தான் பாதுகாப்பு. தனியே ஓடுகிறவருக்கு இது போதும்.

ஒரு தட்டில் முழுவதும் மூடுவது, அல்லது ரிமோட்டால் மூடுவது: சாரதி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கண்ணாடி நகரும். தானே திரும்பும் வசதி இல்லாமல் இதை வாங்கவே கூடாது.

தடையை அது எப்படி அறிகிறது?

பெரும்பாலான கூரைகளில் கண்ணும் இல்லை, தொடு உணர்வும் இல்லை. மோட்டர் சுற்றுவதை ஒரு சென்சர் எண்ணிக்கொண்டே இருக்கும். கண்ணாடி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது அந்த எண்ணிக்கையிலிருந்து தெரியும். சுற்று திடீரென மெதுவானால், ஏதோ சிக்கியிருக்கிறது என்று கணித்து மோட்டரைப் பின்னால் ஓட்டும்.

அமெரிக்காவின் 118ஆம் இலக்கப் பாதுகாப்பு விதியும் ஐ.நா.வின் 21ஆம் இலக்க ஒழுங்குவிதியும், தானே திரும்பும் கூரைக்கு ஒரே எல்லையை வைத்திருக்கின்றன. அமுக்கும் விசை 100 நியூட்டனைத் தாண்டுமுன் கண்ணாடி திரும்பவேண்டும். அது ஏறத்தாழ 10 கிலோ எடை அமர்த்தும் அளவு. சோதிக்கும் உருளைகள் 4 மில்லிமீற்றர் முதல் 200 மில்லிமீற்றர் வரை தடிப்பானவை. மூட இன்னும் 4 மில்லிமீற்றர் இருக்கும் கடைசி இடைவெளியில் அந்தக் காவல் இல்லை. சால்வை நுனியோ தலைமயிரோ அங்கே சிக்கினால் இயந்திரம் அறியாமல் போகலாம்.

உப்பும் மணலும்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நிறுத்தும் கார்களின் கூரைத் தண்டவாளத்தில் மணல் சேரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதியும் கூடும். பழைய கிரீஸோடு அது கலந்தால் கண்ணாடி இறுகி ஓடும். அந்த இறுக்கத்தைத் தடை என்று எண்ணி, கூரை மூடப்போய்ப் பாதியில் திரும்பிவிடும். வெளியே மாரி மழை கொட்டும்போது சாரதி என்ன செய்வார்? பட்டனை விடாமல் அமர்த்துவார். பல கார்களில் அப்படி அமர்த்தினால் பாதுகாப்பு வசதி விலகி, கண்ணாடி முழு விசையில் மூடும். அழுக்கிலிருந்து ஆபத்து வரும் வழி இதுதான். தண்டவாளத்தைத் துடைத்து, கைநூல் சொல்லும் கிரீஸைப் பூசுவது சிறிய வேலை, அதைப் பிற்போடாதீர்கள்.

பற்றரி கழற்றி மாட்டிய காரிலும் கவனம் வேண்டும். கண்ணாடியின் இடத்தைக் கூரை மறந்திருக்கும். கைநூலில் சொன்னபடி மீண்டும் பழக்கும்வரை தானே திரும்பும் வசதி வேலை செய்யாமல் இருக்கலாம்.

வாங்குமுன் செய்யும் சோதனை

கையை ஒருபோதும் வைக்காதீர்கள். பத்திரிகையை இறுக்கிச் சுருட்டி வழியில் பிடியுங்கள். நடுவிலும் இரு ஓரங்களிலும் தனித்தனியே மூடிப் பாருங்கள். தானே திரும்பும் வகையானால், ஒவ்வொரு முறையும் கண்ணாடி திரும்பவேண்டும். பின்பக்கம் மட்டும் உயர்த்தித் திறந்த நிலையிலிருந்தும் மூடிப் பாருங்கள்; சில கார்களில் அந்த நிலையில் வசதி வேலை செய்யாது. சாவியை நிறுத்தி முன்கதவைத் திறந்த பிறகு பட்டன் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால், காரில் தனியே இருக்கும் பிள்ளையின் கைக்கும் அது இயங்கும்.

பிறகு சன்ரூஃபைத் திறந்து, அதன் சட்டத்தின் முன் மூலைகளில் ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது முன்சில்லுப் பக்கமாகக் கீழே வடியவேண்டும். வடியாவிட்டால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. நவம்பர் மழையில் தண்ணீர் இருக்கைக்குத்தான் வரும்.

யாருக்கு எது?

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதல் தெரிவு அசையாத கண்ணாடி. திறக்கும் கூரைதான் வேண்டுமென்றால், எல்லாச் சோதனையிலும் திரும்பிய கூரையை மட்டும் எடுங்கள். ஓடும் காரில் பிள்ளையைத் தலை நீட்டவிடாதீர்கள். திடீர் பிரேக்கில் எந்தச் சென்சரும் உதவாது. பிள்ளைகள் ஏறாத காருக்கு, அமர்த்திப் பிடிக்கும் எளிய வகை போதுமானது. பழுதாகும் பாகங்களும் அதில் குறைவு.

தானே திரும்பவேண்டிய கூரையில் ஒரு சோதனையிலாவது கண்ணாடி திரும்பாவிட்டால், திருத்தித் தருவதாகச் சொல்லும் வாக்கை நம்பிப் பணம் கட்டவேண்டாம். திருத்திய பிறகு அதே பத்திரிகைச் சுருளோடு மீண்டும் போய்ப் பாருங்கள். அப்போதும் திரும்பாவிட்டால், சன்ரூஃப் இல்லாத அதே மொடலைத் தேடுங்கள்.