இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் ஈரம் எந்தப் பக்கம்?

சென்ற ஜனவரியில், தில்லி துவாரகா பகுதியில் நான் பணியாற்றும் கிளைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். முதிர்வுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்த தமது வைப்புத்தொகையை உடனே முடித்துத் தருமாறு கேட்டார். காரணம் வினவியபோது, வீட்டின் ஏழு ஜன்னல்களையும் மாற்ற வேண்டியிருக்கிறது என்றார். அவை இரட்டைக் கண்ணாடி பொருத்திய யு.பி.வி.சி. ஜன்னல்கள். வீடு கைக்கு வந்து நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. கண்ணாடிகள் மங்கிவிட்டன, காலையில் தண்ணீர் வடிகிறது, இரண்டு கதவுகள் நகர மறுக்கின்றன. பார்க்க வந்த பணியாளர், பழுதுபார்த்துப் பயனில்லை, அனைத்தையும் மாற்றிவிடுங்கள் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்துச் சென்றுவிட்டார்.

என் வீட்டிலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நிலை ஏற்பட்டது. ஆகவே படிவத்தை எடுப்பதற்கு முன் ஒன்று கேட்டேன்: “மங்கல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அம்மா? துணியால் துடைத்தால் போகிறதா?” அவர் துடைத்துப் பார்க்கவில்லை. மறுநாள் காலை துடைத்துப் பார்த்தார். ஐந்து ஜன்னல்கள் தெளிந்துவிட்டன. இரண்டில் மட்டும், உள்ளேயிருந்து துடைத்தாலும் வெளியேயிருந்து துடைத்தாலும் மங்கல் அப்படியே இருந்தது.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, இரட்டைக் கண்ணாடியின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரு கண்ணாடிகள், இடையில் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் உலர்ந்த காற்றோ ஆர்கான் வாயுவோ இருக்கும். இரு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்துவது ஓரங்களைச் சுற்றியோடும் ஒரு குழல் பட்டை. அதனுள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் நிரப்பப்பட்டிருக்கும். பட்டையின் இருபுறமும் ப்யூட்டைல் பசையும், அதற்கு வெளியே பாலிசல்பைடு அல்லது சிலிக்கோன் பூச்சும் சேர்ந்து முழுவதையும் மூடி முத்திரையிடுகின்றன. இந்தத் தொகுப்பு முழுவதும் சட்டத்தின் பள்ளத்தில் பிளாஸ்டிக் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதாவது, கண்ணாடித் தொகுப்பு வேறு, ஜன்னல் சட்டம் வேறு. ஒன்று பழுதானால் மற்றொன்றை மாற்ற வேண்டியதில்லை.

அறையின் பக்கமுள்ள கண்ணாடியில் நீர் படிந்தால் அது ஜன்னலின் குற்றமன்று. தில்லிக் குளிரில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு சமைக்கிறோம், வெந்நீரில் குளிக்கிறோம், துவைத்த துணியை அறைக்குள் உலர்த்துகிறோம். அந்த ஈரம் குளிர்ந்த பரப்பைத் தேடிப் படிகிறது. நாள்தோறும் பத்து நிமிடங்கள் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும், சமையலறை, குளியலறை விசிறிகளை ஓடவிடுவதும் இதற்குப் போதும். மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் குளிரூட்டி ஓடும்போது இதற்கு நேர்மாறாக வெளிப்புறக் கண்ணாடியில் நீர் படிவதுண்டு. அதுவும் பழுதன்று. இரு கண்ணாடிகளுக்கும் நடுவே மங்கல் இருந்தால்தான் முத்திரை உடைந்துவிட்டது என்று பொருள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. இறுக மூடும் ஜன்னல்கள் குளிரை மட்டுமன்றிக் காற்றோட்டத்தையும் தடுக்கின்றன. இத்தகைய அறைக்குள் கரியடுப்பு வைத்து உறங்குவதும், குளியலறைக்குள் எரிவாயு கீசர் பயன்படுத்துவதும் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

முத்திரை ஏன் உடைகிறது?

பகல் வெப்பத்தில் இடைவெளியிலுள்ள வாயு விரிகிறது, இரவில் சுருங்குகிறது. ஆண்டு முழுவதும் ஓரப் பசை இந்த இழுபறியைத் தாங்க வேண்டும். அத்துடன் தொகுப்பின் அடி விளிம்பு எந்நேரமும் நீரில் நின்றால் பசை விரைவில் தளர்ந்துவிடும். பல வீடுகளில் உண்மையான காரணம் இதுவே.

மழைநீர் சட்டத்தினுள் சிறிதளவு புகுவது இயல்பு. அது வெளியேறுவதற்காகச் சட்டத்தின் வெளிப்புற அடியில் நீள்வட்டமாகச் சிறு துளைகள் இருக்கும். அவற்றைக் கொத்தனார் சிமென்ட் பூசி அடைத்துவிடுகிறார்; வண்ணம் பூசுபவர் வண்ணத்தால் மூடிவிடுகிறார்; எஞ்சியதைத் தூசி அடைக்கிறது. இன்னும் சிலர், தண்ணீர் உள்ளே வருவதே இத்துளைகளின் வழியாகத்தான் என்றெண்ணித் தாமே சிலிக்கோன் வைத்து மூடிவிடுகிறார்கள். என் வீட்டில் அதைச் செய்தவன் நானே. இரண்டு மழைக்காலங்கள் கழித்துத் தெற்கு ஜன்னலின் கண்ணாடி மங்கியபோதுதான் செய்த தவறு விளங்கியது.

சோதிப்பது எளிது. அடிச் சட்டத்தின் தடத்தில் அரைக் குவளை நீரை மெதுவாக ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் அது வெளிப்புறத் துளை வழியே வடிய வேண்டும். தேங்கி நின்றால், அல்லது அறைக்குள் திரும்பி வழிந்தால், துளை அடைபட்டிருக்கிறது. தடத்தைப் பழைய பல்துலக்கியால் துலக்கித் தூசியை உறிஞ்சி எடுத்தபின், மெல்லிய கம்பியால் துளையைத் திறந்துவிடலாம். மாடி வீடாயின் உள்ளிருந்தே செய்யுங்கள். ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து எதையும் செய்ய வேண்டாம். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் இதைச் செய்வது நல்லது. தூசிப் புயல் வீசும் தில்லியில் நான் மே மாத இறுதியில் செய்கிறேன்.

தள்ளு கதவு நகராததற்கும் பெரும்பாலும் இதே தூசிதான் காரணம். தடம் தூய்மையான பின்னும் கதவு உராய்ந்தால், கதவின் கீழ்ப்பக்க ஓரத்தில் சிறு மூடிக்குள் ஒரு திருகு இருக்கும். அது அடியிலுள்ள உருளையை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யும். கால் சுற்று, அரைச் சுற்று எனச் சிறிது சிறிதாகத் திருப்பி, இரு முனைகளும் சமமாக நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் விட வேண்டாம். அது தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும். சிலிக்கோன் தெளிப்பான் போதும். கைப்பிடி ஆடினால், அதன் அடித்தட்டின் மூடியைத் திருப்பினால் இரண்டு திருகுகள் தெரியும். அவற்றை இறுக்கினால் முடிந்தது.

கண்ணாடி ஓரத்திலும் கதவைச் சுற்றியும் உள்ள கறுப்பு ரப்பர் பட்டையைச் சோப்பு நீரால் துடைத்தாலே போதுமானது. தேங்காய் எண்ணெயும் வாசலினும் தடவும் வழக்கம் பலரிடம் உண்டு. அவை ரப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். மூலைகளில் பட்டை சுருங்கி இடைவெளி விட்டிருந்தால், ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்துக் கடையில் காட்டி அதே வடிவத்தில் வாங்க வேண்டும். பொருத்தும்போது இழுத்து நீட்டாமல், சற்றுக் கூடுதல் நீளம் விட்டு அழுத்திச் செருகினால் மீண்டும் சுருங்காது. விமானப் பாதைக்குக் கீழே வாழும் எங்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும். ஒலி கண்ணாடியைத் துளைத்து வருவதைவிட இத்தகைய இடைவெளிகள் வழியாகவே மிகுதியாக வருகிறது.

கண்ணாடியை மட்டும் மாற்றுதல்

நடுவில் மங்கிய தொகுப்பைக் கண்ணாடியில் துளையிட்டு உலர்த்தித் தருவதாகச் சிலர் கூறுவர். மங்கல் சில காலம் நீங்கலாம். ஆனால் உடைந்த முத்திரை உடைந்தபடியே இருக்கும்; காப்புத் திறனும் திரும்பாது. அதற்குச் செலவிடுவதைவிடத் தொகுப்பை மாற்றிவிடுவதே சிக்கனம் என்பது என் கருத்து. என் வீட்டில் இரண்டு தொகுப்புகளை மாற்ற ஆன செலவு, முழு ஜன்னல்களுக்குக் கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு.

இதை நாமே செய்ய முற்படுவதற்குமுன் எடையைக் கணக்கிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடி, சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ எடை கொண்டது. 5 மில்லிமீட்டர்க் கண்ணாடிகள் இரண்டு சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. 1.2 மீட்டர் நீள அகலமுள்ள ஒரு சாதாரண ஜன்னலில் 36 கிலோ. குளியலறைச் சிறு ஜன்னலை இருவர் சேர்ந்து மாற்றலாம். மற்றவற்றைக் கண்ணாடிப் பணியாளரிடம் விடுவதே அறிவுடைமை. ஆனால் அவர் செய்வதை நாம் அறிந்திருப்பது நல்லது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பக்கப் பட்டிகளை நடுவிலிருந்து தளர்த்தி எடுப்பார். தொகுப்பு உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கட்டைகளின் இடங்களைக் குறித்துக்கொண்டு, புதிய தொகுப்பையும் அதே இடங்களில் நிறுத்த வேண்டும். கட்டையின்றி நேரே சட்டத்தில் வைத்தால் கதவு சாயும், தொகுப்பின் அடி விளிம்பும் நீரில் நிற்கும்.

பழைய தொகுப்பைக் கழற்றியபின் அதையே அளந்து வேலைக்குக் கொடுப்பது பிழையற்ற வழி. நீளம், அகலம் ஆகியவற்றுடன் மொத்தத் தடிப்பும் முக்கியம். மூலையில் சிறு முத்திரை இருந்தால் அது வெப்பமூட்டிக் கடினமாக்கப்பட்ட கண்ணாடி. அதைச் செய்தபின் வெட்டவோ தேய்க்கவோ இயலாது. அளவில் தவறினால் முழுச் செலவும் வீண். சிறப்புப் பூச்சுள்ள கண்ணாடியா என்பதை அறிய, இருட்டியபின் கண்ணாடியின் முன் ஒரு தீச்சுடரைப் பிடியுங்கள். நான்கு பிரதிபலிப்புகள் தெரியும். அவற்றுள் ஒன்று வேறு நிறத்தில் இருந்தால் பூச்சு உண்டு. இதைப் பாராமல் சாதாரணக் கண்ணாடி போட்டுவிட்டால் பக்கத்து ஜன்னலோடு நிறம் ஒவ்வாது. மே மாத வெயிலிலும் வேறுபாடு தெரியும். ஒலிதான் உங்கள் தொல்லையாயின், இரு கண்ணாடிகளையும் வெவ்வேறு தடிப்பில் கேளுங்கள். ஒரே தடிப்புள்ள இரண்டைவிட அது ஒலியை நன்கு தடுக்கும். மொத்தத் தடிப்பு பள்ளத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

சிம்லா, உதகை போன்ற மலையூர்களில் வீடு உள்ளவர்கள் மற்றொன்றையும் கூற வேண்டும். சமவெளியில் முத்திரையிட்ட தொகுப்பு, காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் வெளிநோக்கிப் புடைக்கும். அதற்கென நுண்குழல் வைத்துச் செய்யும் முறை உண்டு. எந்த ஊருக்குப் போகிறது என்பதை ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

பணம் கொடுப்பதற்குமுன்

ஆசிரியையின் வீட்டுக்கு வருவோம். வீடு கைக்கு வந்து நான்கு ஆண்டுகளுக்குள் என்று அவர் சொன்னதே முக்கியமான செய்தி. ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம், 2016-இன் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ பொருளின் தரத்திலோ குறை இருப்பதாக வாங்கியவர் தெரிவித்தால், கட்டுநர் கூடுதல் கட்டணமின்றி 30 நாட்களுக்குள் அதைச் சரிசெய்து தர வேண்டும். தவறினால் உரிய இழப்பீடு கோரலாம். இக்குறையைக் கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுவந்ததற்குச் சான்று வேண்டும். தொலைபேசியில் கூறியது சான்றாகாது.

ஆகவே ஒரு கடிதம் எழுதினோம். வீட்டின் எண், ஒப்படைத்த தேதி, மங்கிய இரண்டு ஜன்னல்களின் இடம், தேதியுடன் கூடிய புகைப்படங்கள், அடைபட்டிருந்த வடிகால் துளைகளின் படம் ஆகியவற்றைச் சேர்த்துப் பதிவு அஞ்சலில் அனுப்பச் சொன்னேன். அத்துடன் ஜன்னல் தயாரிப்பாளரின் உத்தரவாத அட்டையையும் தேடச் சொன்னேன். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் தனித்தனி உத்தரவாதக் காலம் எழுதியிருப்பதுண்டு. வெயிலுக்காகக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறாரா என்றும் கேட்டேன். அது வெப்பத்தைத் தேக்கிக் கண்ணாடியை விரிசலடையச் செய்யக்கூடும். உத்தரவாதத்தை மறுப்பதற்கும் காரணமாகிவிடும். நல்லவேளையாக ஒட்டவில்லை. வீட்டுக் காப்பீடு இதற்கு உதவுமா என்று அவர் கேட்டார். நாளடைவில் ஏற்படும் தேய்மானத்தைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை என்று கூறினேன்.

ஒருவேளை கட்டுநர் மறுத்துவிட்டாலும் வைப்புத்தொகையை முறிக்கத் தேவையிருக்கவில்லை. முதிர்வுக்குமுன் முடித்தால் வைத்திருந்த காலத்துக்குரிய குறைந்த வட்டியே கிடைக்கும். அதிலும் ஒரு பகுதி கழிக்கப்படும். இரண்டு கண்ணாடிகளுக்கான சிறு தொகைக்கு, அந்த வைப்பின்மீதே கடன் பெற்றிருக்கலாம்.

கடிதம் சென்ற நான்காம் வாரத்தில் கட்டுநரின் ஆட்கள் வந்து இரண்டு தொகுப்புகளையும் மாற்றினர். அம்மையார் அருகில் நின்று, பிளாஸ்டிக் கட்டைகள் அதே இடத்தில் வைக்கப்படுகின்றனவா என்று பார்த்தாராம். மற்ற ஐந்து ஜன்னல்களுக்கு ஆன செலவு, ஒரு பல்துலக்கியும் ஒரு சிலிக்கோன் தெளிப்பானும். புதிய தொகுப்பின் குழல் பட்டையில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைக் குறித்து வைப்புச் சான்றிதழோடு அதே உறையில் வைத்திருப்பதாக, அடுத்த முறை கிளைக்கு வந்தபோது கூறினார்.