வறண்ட ஓடைக்கும் உரிய சட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

சுற்றுச்சூழல் சட்டம் பயிலத் தொடங்கும் மாணவர் எவரும் தொடக்கத்திலேயே படிக்க நேரும் தீர்ப்புகளுள் ஒன்று, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோர் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பாகும். பெயரில் வேலூர் இருப்பதால் அது பாலாற்றின் வழக்கு என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆயினும் அத்தீர்ப்பின் பக்கங்களில் திண்டுக்கல் சமவெளியின் கிணறுகளும் எண்ணிக்கையோடு இடம்பெற்றிருக்கின்றன. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திய கணக்கெடுப்பில், குடிப்பதற்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்ததை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. நான்கு கிணறுகளில் மூன்று கெட்டுப்போன ஒரு நிலப்பகுதியின் துயரம் இந்நாட்டின் நீர்ச் சட்டத்தில் எவ்வாறு பதிந்தது, அச்சட்டம் இன்று எவ்வளவு தூரம் காக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பவற்றை விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம்.

முதலில் மாசின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரார் 'தோல் ஷாப்' என்று வழங்கும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் திண்டுக்கல்லை ஒட்டிய பேகம்பூர், பொன்மாந்துறை முதலிய பகுதிகளில் தலைமுறைகளாக நடந்து வருகின்றன. அழுகாமல் இருப்பதற்காக உப்பிட்டுக் கொண்டுவரப்படும் பச்சைத் தோல் முதலில் தண்ணீரில் ஊறவைக்கப்படுகிறது. பின்னர் முடி கழல்வதற்காகச் சுண்ணாம்புக் குழியில் இடப்படுகிறது. அதன் பிறகே மரப்பட்டைச் சாற்றினாலோ குரோமிய உப்பினாலோ பதனிடப்படுகிறது. ஒரு கிலோ தோல் உருவாவதற்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும், சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுவதாகவும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. இந்தக் குழிகளில் நின்று உழைத்தவர்களின் வாழ்வைத் 'தோல்' என்னும் நாவலாக எழுதி, அதற்காக 2012-ஆம் ஆண்டு சாகித்ய அகாதெமி விருது பெற்ற டி. செல்வராஜ் திண்டுக்கல்லில் வழக்கறிஞராகப் பணியாற்றியவர் என்பது சட்டம் படிக்கும் நீ அறிந்திருக்க வேண்டிய செய்தி. கிணற்றைக் கெடுத்த நீர், அதற்கு முன்பே தொழிலாளியின் கைகால்களைக் கெடுத்திருந்தது. அந்தக் கேட்டைப் பற்றிய வழக்குகள் மிகக் குறைவு.

இக்கழிவில் மிகவும் பிடிவாதமானது குரோமியத்தைவிடச் சாதாரண உப்பே ஆகும். நுண்ணுயிரிகளைக் கொண்டு இயங்கும் சுத்திகரிப்பு நிலையம் அழுகும் பொருள்களைச் சிதைத்துவிடும். நீரில் கரைந்த உப்பை அதனால் அகற்ற இயலாது. திண்டுக்கல் சமவெளியோ கடினப் பாறை நிலம். அங்கே நிலத்தடி நீர் பாறையின் விரிசல்களிலும் சிதைந்த மேற்பரப்பிலும் மட்டுமே தங்குகிறது. ஒருமுறை அவ்விரிசல்களில் புகுந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவதற்கு அடுத்தடுத்துப் பல நல்ல மழைக்காலங்கள் தேவை. மழை குறைந்த இப்பகுதியில் அவை எளிதில் அமைவதில்லை. ஆலை மூடப்பட்ட பின்பும் கிணறு கரிப்பதன் காரணம் இதுவே. இந்திய நீதிமன்றங்கள் இழப்பீட்டைப் பற்றி எழுதிய பலவற்றையும் இந்த நிலவியல் உண்மையோடு சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் பொருள் முழுமையாக விளங்கும்.

1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இரண்டு கோட்பாடுகளை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்பது, கேடு விளையும் என்பதற்கு அறிவியல் உறுதி கிடைக்கும்வரை காத்திராமல் அதைத் தடுக்கும் கடமை அரசுக்கும் அதிகாரிகளுக்கும் உண்டு என்று கூறுவது. தன் தொழில் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் அது தொழில் நடத்துபவர் மீதே சுமத்துகிறது. மாசுபடுத்தியவரே செலவேற்கும் கோட்பாடு என்பது, பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டோடு கெட்ட நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்கு மீட்கும் செலவையும் சேர்த்து மாசுபடுத்தியவரிடம் பெறுவது. உப்பு எந்த ஆலையிலிருந்து எந்த விரிசல் வழியே வந்தது என்று ஓர் உழவர் காட்டவே முடியாது என்பதால், மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறியதே அத்தீர்ப்பின் ஆகப் பெரிய பயன் எனலாம். அப்போது திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று வழங்கிய இம்மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் செலுத்தவும், பாதிப்பை மதிப்பிட்டு இழப்பீடு நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைக்கவும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஏற்படுத்தவும் தீர்ப்பு வழிசெய்தது.

இங்கே ஓர் அளவைக் கவனிப்பது நல்லது. கழிவுநீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த உச்ச வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமோ 500 மில்லிகிராமையே ஏற்புடையதாகக் கொண்டு, வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. ஆகவே, ஓர் ஆலை தன் வரம்பை முழுமையாகக் கடைப்பிடித்தாலும், அது வெளியேற்றும் நீர் நிலத்துக்குள் இறங்குமானால் கிணறு குடிநீர்க் கிணறாக நீடிக்கும் என்ற உறுதி இல்லை.

தீர்ப்பு வந்ததும் நீதி முழுமையாகக் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். வேலூர்ப் பகுதிக்கான இழப்பீட்டு ஆணை 2001-இல் வெளியானது. அதன் நிலுவை பற்றிய வழக்கை 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் தீர்க்க வேண்டியிருந்தது. நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் வழங்கிய அத்தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் பணத்தை வழங்கிவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும் என்றும், சூழலுக்கு நேர்ந்த கேடு சீராகும்வரை அவர்களது பொறுப்பு தொடரும் என்றும் கூறியது. உப்பு நிலத்துக்குள் இருக்கும்வரை பொறுப்பும் இருக்கும் என்ற இந்த நிலைப்பாடு, பாறை விரிசல்களின் இயல்புக்குப் பொருந்திய ஒன்று. முப்பது ஆண்டுக்காலத் தாமதத்தை அது நியாயப்படுத்தாது, ஆனால் இனி வரும் வழக்குகளுக்கு உறுதியான பிடிமானம் தருகிறது.

அடுத்து ஈரநிலம் பற்றிய சட்டம். 2010-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2017 செப்டம்பரில் மைய அரசு வெளியிட்ட ஈரநிலங்கள் பாதுகாப்பு, மேலாண்மை விதிகள், ஆற்றுப் போக்குகளையும் நெல் வயல்களையும், குடிநீருக்கெனக் கட்டப்பட்ட நீர்நிலைகளையும், பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட அமைப்புகளையும் ஈரநிலம் என்னும் வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் அணையும், ஊருக்கு ஊர் வெட்டப்பட்ட கண்மாய்களும் குளங்களும் இதனால் அவ்விதிகளின் காப்பைப் பெறுவது அரிதாகிறது. இது பெரும் குறை. பாசனத்துக்கு வெட்டிய கண்மாயிலும் பறவை இறங்கும், மீன் வளரும், கிணறுகளுக்கு ஊற்றுச் சுரக்கும். வெட்டியவர் மனிதர் என்பதால் அது ஈரநிலம் ஆகாது என்பது தமிழ்நாட்டின் நீர் வரலாற்றுக்கே ஒவ்வாத கருத்து. குளங்களின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இடமளிக்கிறது. எனினும் அது பெரிதும் நிலத்தைக் காக்கும் சட்டமே அன்றி நீரின் தரத்தைக் காக்கும் சட்டம் அன்று.

இக்குறையை ஓரளவு நிரப்பக்கூடியது, பலரும் பழையது என்று கடந்துபோகும் 1974-ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம். அதன் 2-ஆம் பிரிவு 'ஓடை' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் ஆறும், நீர் ஓடினாலும் அப்போதைக்கு வறண்டிருந்தாலும் நீர்வழியும், இயற்கையாகவோ செயற்கையாகவோ அமைந்த உள்நாட்டு நீர்நிலையும், நிலத்தடி நீரும் அடங்கும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் குடகனாறும் சந்தனவர்த்தினியும், மனிதர் வெட்டிய கண்மாயும், பாறைக்குள் மறைந்த ஊற்றும் இந்த ஒரே விளக்கத்துக்குள் வந்துவிடுகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சாக்கெட் வழக்கில், ஏறக்குறைய நிலையாக நீர் உள்ள ஆறு, ஏரி போன்றவற்றுக்கும், அவற்றோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்திருக்கும் ஈரநிலங்களுக்கும் மட்டுமே அந்நாட்டின் தூய நீர்ச் சட்டம் பொருந்தும் என்று சுருக்கியது. அந்த அளவுகோலில் நம் சமவெளியின் பெரும்பாலான ஓடைகள் நீரென்றே கணக்கில் வாரா. பருவமழை நாட்டின் இயல்பறிந்து எழுதப்பட்ட 1974-ஆம் ஆண்டின் விளக்கத்தை எவரும் குறுக்கிவிடாமல் காப்பது சட்டம் பயில்வோரின் கடமை.

மழைநீர் வடிகாலைப் பொறுத்தவரை அமெரிக்கா 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நகரங்களின் மழைநீர் வெளியேற்றத்திற்கும் உரிமம் வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. மழைநீர் வடிகாலில் சாக்கடை கலந்து ஓடும் நகரங்களில் அந்த வடிகால் சென்று சேரும் குளம்தான் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையைச் செய்ய நேர்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் பிறப்பித்த ஆணையில், கழிவுநீர் கலக்கும் வடிகால்களை உரிய காலத்தில் சீர்செய்யத் தொடங்காத உள்ளாட்சிகள் வடிகால் ஒன்றுக்கு மாதம் 5 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று கூறியது இவ்வகையில் முக்கியமான முன்னேற்றம்.

எந்தக் கோட்பாடும் மாதிரி நீர் எடுக்கும் பாட்டிலில் வந்துதான் நிற்கிறது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, கழிவுநீர் மாதிரி எடுக்கும் அதிகாரி அங்கேயே உரியவருக்கு அறிவிப்பு தந்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருதரப்பும் கையொப்பமிடச் செய்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் ஆய்வு முடிவு சாட்சியமாக ஏற்கப்படாமல் போகக்கூடும். குடிமகனுக்கும் இச்சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்த எவரும் தாமே நீதிமன்றத்தில் குற்றமுறையீடு செய்யலாம், அப்போது தன்னிடமுள்ள உரிய அறிக்கைகளை வாரியம் அவருக்குக் கேட்டவுடன் தர வேண்டும் என்று 49-ஆம் பிரிவு கூறுகிறது. பொன்மாந்துறைப் பக்கத்து உழவர் ஒருவர் உன்னிடம் வரும் நாளில் முதலில் எழுதப்பட வேண்டியது அந்த முன்னறிவிப்பே. அதனுடன் கிணற்றின் புல எண்ணும் நீர் கெடத் தொடங்கிய ஆண்டும் இணைக்கப்பட வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்