காய்கறித் தோட்டங்களில் பூஞ்சண நோய்களும் இயற்கைப் பரிகாரங்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்புப் பகுதியில் நெல்லும் தென்னையும் பிரதானமாயினும், கிணற்றுப் பாசனமுள்ள நிலங்களில் கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய்கள் முதலியனவும் பயிரிடப்படுகின்றன. இவற்றைத் தாக்கும் பூஞ்சண நோய்கள் அனைத்திற்கும் ஒரே மருந்து போதுமென்று எண்ணுதல் நஷ்டத்திற்கே இடமளிக்கும். சில நோய்கள் ஈரத்தால் பெருகுவன. சில ஈரமின்றியே பரவுவன. இவ்வேற்றுமையை அறிந்தாலன்றிப் பரிகாரம் பலிக்காது.

நாற்றழுகல்.— மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகள் அடித்தண்டு நீர்கோத்து நைந்து, திட்டுத் திட்டாகச் சாயும். மண்ணில் வாழும் பித்தியம், ரைசாக்டோனியா முதலானவை இதற்குக் காரணமாம். வடகிழக்குப் பருவமழையின்போது நீர் தேங்கும் பாத்திகளிலும், நெருங்க விதைத்த பாத்திகளிலும் சேதம் அதிகம். சாய்ந்த நாற்றை மீட்க இயலாது. ஆதலால் முன்காப்பே மருந்து. ஒரு மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமுமுள்ள மேட்டுப்பாத்தி அமைத்து, வரிசையில் கலக்க விதைக்க வேண்டும். விதைக்குமுன் கிலோ ஒன்றுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலத்தல் நலம். இதுவும் ஒரு பூஞ்சணமே. எனினும் தீமை செய்யும் பூஞ்சணங்களைப் பற்றி அழிக்கும் இயல்புடையது. இதனுடன் ரசாயனப் பூஞ்சணக்கொல்லியைக் கலத்தல் கூடாது.

சாம்பல் நோய்.— மழை ஓய்ந்தபின், பகல் வறண்டும் இரவு குளிர்ந்தும் இருக்கும் நாட்களில், வெண்டை, பரங்கி, புடல் இலைகளில் மாவு தூவியதுபோல் வெண்மை படரும். இதன் வித்துகள் முளைக்க இலையில் நீர் நிற்க வேண்டுவதில்லை. ஆகவே வடிகால் மட்டும் இந்நோயைத் தடுக்காது. வெண்டைக்கு, லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். கொடிக்காய்களுக்கோ கந்தகம் இலையைக் கருக்கும். அவற்றிற்கு அதனை விலக்குக. பிரேஸில் தேசத்து ஆராய்ச்சியாளர் பெட்டியோல் 1999-ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், மூடிய கூடத்தில் வளர்ந்த பரங்கி இனத்துச் செடிகளுக்கு, ஒரு பங்கு பசும்பாலுடன் ஒன்பது பங்கு நீர் சேர்த்து வாரந்தோறும் தெளித்ததில் நோய் நன்கு அடங்கிற்று. செலவை உத்தேசித்து, முதலில் சில கொடிகளில் சோதித்துப் பார்த்தல் விவேகம்.

கவனிக்க வேண்டியது.— சாம்பல் நோயின் வித்துகள் காற்றில் செல்வன. காய்ப்பு முடிந்த செடிகளை ஒருவர் வயலிலேயே விட்டுவைத்தால், அடுத்த தோட்டக்காரரின் உழைப்பு வீணாகும். ஆதலின் நோயுற்ற செடிகளைப் பிடுங்கி அப்புறப்படுத்தும்படி குடியானவர்களை ஒருங்கே தூண்டுதல் கிராம அலுவலர்கள் செய்யத் தக்க பேருதவியாகும்.